ஒரு ஆள், அந்த ஆள்

விளங்கியதா என்று ஓல்கா ரீச்சர் கேட்டதும் வகுப்பில் இருந்த தலைகள் எல்லாம் ஆடின, யோகமலருடைய தலையைத் தவிர. விளங்காமல் இல்லை. ஒரு ஆளைப் பற்றி முதல் தடவை சொல்லும்போது ‘ஏ’ போடவேண்டும், அதே ஆளைத் திரும்பவும் சொல்லும்போது ‘த’ போடவேண்டும், ஏனென்றால் கேட்கிறவருக்கு ஆள் இன்னார் என்று தெரிந்துவிட்டதாம். இதில் விளங்காமல் போவதற்கு என்ன கிடக்கிறது. ஆனால் யோகமலர் தலையாட்டுவதில்லை. மகன் கூப்பிட்டுக் கனடாவுக்கு வந்து, புதிதாக வந்தவர்களுக்கான இந்த இலவச ஆங்கில வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து ஆட்டியதில்லை. அதற்கு முன்பு ஊரிலும் அரைவாசி ஆயுள் ஆட்டியதில்லை. ஓம் என்றால் வாயால் ஓம், இல்லை என்றால் வாயால் இல்லை. இது தெரியாத ரீச்சர், இந்த மனுசிக்கு ஒன்றும் ஏறவில்லை என்று நினைத்து, காது கேளாதவளுக்குச் சொல்வதுபோல உரத்த குரலில், சொல் சொல்லாக, அவளுக்கென்றே இன்னொரு தடவை சொல்லத் தொடங்கினார். சொல்லட்டும். யோகமலரின் கண் ரீச்சரில் இல்லை. வெள்ளைப் பலகைக்குப் பக்கத்தில் ஒரு புத்தக அலுமாரி நிற்கிறது, அதற்குக் கண்ணாடிக் கதவு, அந்தக் கதவில் கடைசி வரிசை முழுவதும் தெரியும். அதற்காகத்தான் அவள் போன கிழமை இந்தக் கதிரைக்கு இடம் மாறினாள். கேட்டவர்களுக்கு ஹீட்டர் சூடு ஒத்துவரவில்லை என்று சொல்லிவைத்திருக்கிறாள். கண்ணாடியில் சீனத்துக் கிழவர் லியு தெரிந்தார். அவர் ரீச்சர் வாயைத் திறக்க முன்னமே ஆட்டத் தொடங்கி, ரீச்சர் வேறு கதைக்குப் போன பிறகும் ஆட்டிக்கொண்டிருப்பார், நல்ல மனுசன், அவரால் ஒரு பயமும் இல்லை. அவருக்குப் பின்னால், கதவோரக் கதிரையில், இவ்வளவு சூட்டுக்குள்ளும் கம்பளித் தொப்பியைக் கழற்றாமல் தருமலிங்கம் இருந்தார். ரீச்சர் அவரைப் பார்த்து விளங்கியதா என்று கேட்டார். அந்தத் தலை முதலில் அசையாமல் நின்றது. பிறகு இடப்பக்கமாக ஒரு துளி சரிந்தது. அதற்குப் பிறகுதான் கீழே இறங்கியது. யோகமலர் கொப்பியைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

இண்டைக்குத்தானா இது வரவேண்டும். காலையில் லிஃப்ற்றுக்குள் வைத்துப் புஸ்பமக்கா கேட்டதற்கு வகுப்பு முடியும்போது பதில் சொல்லவேண்டும். புஸ்பமக்கா இந்த வகுப்பில் இருக்கிற மற்றத் தமிழ்ப் பெண், வயதில் மூத்தவள், ஸ்காபரோவில் எந்த வீட்டில் யாருக்குக் கலியாணம் குழம்பியது, யாருக்குச் சீனி வருத்தம் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும், தெரியாததை விசாரித்துத் தெரிந்துகொள்வாள். “யோகம், உம்மட்டை ஒண்டு கேக்கவேணும். உந்தத் தருமலிங்கத்தார் எங்கட மருமேன்ரை பேஸ்மென்ற் அறையை வாடகைக்குக் கேட்டிருக்கிறார். இப்ப இருக்கிற இடத்தாலை மாதக் கடைசியோடை எழும்பச் சொல்லிப்போட்டினமாம். உங்கட வல்லியாவத்தைப் பக்கம் எண்டு சொன்னவர். ஊராக்கள் ஆரும் ஆளைத் தெரியும் எண்டு சொன்னால் குடுப்பம், இல்லாட்டி வேண்டாம் எண்டு மருமேன் நிக்கிறார். குஞ்சு குருமன் இருக்கிற வீடல்லோ.” எனக்கு ஆளைத் தெரியாதக்கா என்று யோகமலர் உடனேயே சொன்னாள், அவ்வளவு உடனே சொல்லியிருக்கத் தேவையில்லை. “வடிவா யோசிச்சுப்போட்டு வகுப்பு முடியச் சொல்லும். உந்தப் பனிக்குள்ளை மனுசன் எங்கை போறது, பாவம்.” பாவம் என்ற சொல்லை எவ்வளவு லேசாகச் சொல்கிறார்கள். ஊர் விசாரிக்காமல் இங்கே அறையும் இல்லை பெண்ணும் இல்லை. கடல் தாண்டி வந்தும் எல்லாரும் எல்லாருக்கும் ஒரு ஊரைக் கேட்டுத்தான் கதவைத் திறக்கிறார்கள். அதுவும் வல்லியாவத்தைப் பக்கமாம். பக்கம் என்றால் எந்தப் பக்கம். வல்லியாவத்தையில் தருமலிங்கம் என்று யாரும் இல்லை. லிஃப்ற் மேலே வருவதற்குள் அவள் வடக்கு ஒழுங்கையில் தொடங்கிப் படலை படலையாகப் போய்ப் பார்த்துவிட்டாள், கிணற்றடி வீடு, தபால்காரர் வீடு, சங்கக்கடை மனேச்சர் வீடு, ஒருவரும் இல்லை. பொய் சொல்கிறவனுக்குப் பக்கம் என்ற சொல் நல்ல வசதி. ஆனால் பொய் சொல்கிறவன் எதற்காக அந்த ஊரின் பெயரைச் சொல்லவேண்டும், எத்தனையோ ஊர் இருக்க. அவளுடைய ஊர் அதுவென்று தெரிந்து சொன்னானா, தெரியாமல் சொன்னானா. தெரிந்து சொன்னானென்றால் எதை அறியப் பார்க்கிறான்.

ரீச்சர் பலகையில் ஒரு மனிதனைக் கீறினார், வட்டத் தலை, கோட்டுக் கை கால். இவன் யாரென்று உங்களுக்குத் தெரியாது, ஆகவே ‘ஏ மேன்’ என்றார். அவனுக்கு ஒரு தொப்பி கீறினார். இப்போது இவனை உங்களுக்குத் தெரியும், ஆகவே ‘த மேன்’. எல்லாரும் ஆட்டினார்கள். இந்தச் சனத்துக்குத் தொப்பி ஒன்று போட்டுவிட்டால் ஆளைத் தெரிந்துவிட்டதாம், என்ன ஒரு பாஷை என்று யோகமலர் நினைத்தாள். அவளுக்கு ஒரு ஆள் இருக்கிறான், அவனுக்குத் தொப்பி இல்லை, முகமும் இல்லை, தலையில் ஒரு சாக்கு மட்டும். உரச்சாக்கு. இல்லை, அரிசிச் சாக்கு. பச்சை எழுத்து இருந்ததா இல்லையா என்று அவளும் அம்மாவும் எத்தனையோ தடவை சண்டை பிடித்திருக்கிறார்கள், அம்மா சாகும்வரைக்கும் உரச்சாக்கு என்றே சொன்னாள். அன்றைக்கு ஆமிக்காரரின் ஒலிபெருக்கி விடிய முன்னமே கத்திக்கொண்டு போனது. ஆண்பிள்ளைகள் எல்லாரும் பள்ளிக்கூட வளவுக்கு வரவேண்டும், வராதவர்கள் வீட்டில் கண்டுபிடிக்கப்பட்டால் அதற்கு வேறு மரியாதை. குகபாலன், அவளுடைய தம்பி, சோதனை எழுதிவிட்டு மறுமொழிக்காகக் காத்திருந்தவன், அவசரம் அவசரமாகக் இஸ்திரிக்கைப் பெட்டியில் கரி நெருப்புப் போட்டுத் தன்னுடைய வெள்ளைச் சேட்டை மினுக்கினான். “என்னடா கலியாண வீட்டுக்கோ போறாய்?” என்று அவள் கேட்டாள். “வடிவாப் போனால் விட்டுடுவாங்கள் அக்கா. அழுக்கா நிக்கிறவனைத்தான் பிடிக்கிறவங்கள்” என்றான். தலைக்குத் தண்ணீர் தொட்டு வகிடு எடுத்து இழுத்தான். அந்தச் சேட்டின் கை மடிப்பு இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது, கத்தி மாதிரி. வளவுக்குள் பெரிய வாகை மரம், மரத்துக்குக் கீழே ஜீப், ஜீப்பின் முன் இருக்கையில் அந்த ஆள், சாக்கில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை. அப்படி இருந்து ஆக்களைக் காட்டிக்கொடுக்கிறவனுக்குத் தலையாட்டி என்று ஊரில் பெயர். வரிசையில் வந்து ஒவ்வொருவராக அவன் முன்னால் நிற்கவேண்டும். தலை அசையாமல் இருந்தால் வலப்பக்கம், வீட்டுக்குப் போகலாம். அசைந்தால் லொறி. பெண்கள் கம்பி வேலிக்கு இந்தப் பக்கம். வாய் திறக்கக்கூடாது. குகபாலன் போய் நின்றான், மார்பை நிமிர்த்திக்கொண்டு, வகிடு கலையாமல். சாக்கு கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தது. சரி, விட்டாச்சு என்று அவள் மூச்சை விட்டாள். விட்ட மூச்சு முடிய முன்னம் அந்தத் தலை ஒரு பக்கம் சரிந்து கீழே இறங்கியது. அதற்குப் பிறகு குகபாலனை யாரும் காணவில்லை. எந்த முகாமில் கேட்டாலும் அப்படி ஒரு ஆளை நாங்கள் கொண்டுவரவில்லை என்றார்கள். அவள் வாய்விட்டு அழுதது அப்போது இல்லை, அந்த வருசக் கடைசியில், மறுமொழி வந்து அவன் நன்றாகச் சித்தியடைந்திருக்கிறான் என்று தபால்காரர் வந்து சிரித்துக்கொண்டு சொன்னபோது.

தபால்காரர். பார், அவரையும் விடவில்லை. அவர் ஏன் அன்றைக்குச் சிரித்தார் என்பதை வைத்துக்கொண்டு யோகமலர் இரண்டு வருசம் அவரைச் சாக்குக்குள் போட்டுப் பார்த்தாள். உயரம் சரியாக இருந்தது, தோளும் சரியாக இருந்தது. பிறகு சங்கக்கடை மனேச்சர், அவரிடம்தானே சாக்கு நிறையக் கிடந்தது. பிறகு குகபாலனோடு படித்த ஒரு பெடியன், துக்கம் விசாரிக்க வந்து தேத்தண்ணி குடிக்காமல் போனான், ஏன் குடிக்கவில்லை. குடித்திருந்தால் எப்படிக் குடிக்க மனம் வந்தது என்று கேட்டிருப்பாள். கோயில் ஐயரைக்கூட ஒரு திருவிழா முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றாள், தீபம் காட்டும்போது தலை எந்தப் பக்கம் சரிகிறது என்று. வல்லியாவத்தையில் அவளுடைய மனதுக்குள் சாக்குப் போடாமல் தப்பின ஆம்பிளை ஒருவரும் இல்லை. புருசனுடைய ஒன்றுவிட்ட தம்பியைப் போட்டபோது புருசன் ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. அதெல்லாம் பைத்தியம், அவளுக்கே தெரியும். ஆளில்லாத சாக்கு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு எவன் தலைக்குப் பொருந்தும் என்று திரிந்தவள்தான். ஆனால் இது அப்படி இல்லை. அவர்களில் ஒருவரும் இப்படி ஆட்டவில்லை. நிற்கும், சரியும், இறங்கும். இதை எப்படி ஒருவன் பழக முடியும். நடையை மாற்றலாம், குரலை மாற்றலாம், தாடி வளர்க்கலாம், பெயரையே மாற்றிக்கொண்டு விமானம் ஏறலாம், தலையாட்டுகிற விதத்தை மாற்றவேண்டும் என்று யாருக்கு நினைவு வரும். அது மறந்துபோய் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். தொப்பியும் அதற்குத்தான். தலையில் ஒன்றைப் போட்டுக்கொண்டு இருந்து பழகியவனுக்குத் தலையைச் சும்மா விடப் பயமாக இருக்கும். லியுவும்தான் தொப்பியோடு இருக்கிறார், அவர் ஏன் கழற்றவில்லை என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லையே என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. லியுவுக்கு மயிர் இல்லை, அதனால் என்று அவள் அதற்குப் பதில் சொன்னாள். தருமலிங்கத்துக்கு இருக்கிறதா என்று அந்தக் குரல் திரும்பக் கேட்டது.

பிழைவிடப் பயப்படவேண்டாம் என்று ரீச்சர் சொல்லிக்கொண்டிருந்தார். தன்னுடைய நாட்டுப் பாஷையிலும் இந்த ‘ஏ’யும் ‘த’வும் கிடையாது, தனக்கும் பிடிபடக் கனகாலம் எடுத்தது, இப்போதும் சிலவேளை மாறிவிடும், மாறிவிட்டால் என்ன, அதனால் ஒருத்தரும் சாகப்போவதில்லை என்று சொல்லிச் சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். யோகமலருக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. ரீச்சர் எந்த நாடு என்று சொன்னார், அங்கேயும் ஏதோ சண்டை என்று மகன் ஒருநாள் சொன்னானே. அங்கே என்ன செய்துகொண்டிருந்தவர் என்று யாருக்குத் தெரியும். சீச்சீ. ரீச்சருக்கும் சாக்குப் போடத் தொடங்கிவிட்டாயா, கொஞ்சம் மனுசியாக இரு. ரீச்சர் இப்போது இரண்டு இரண்டு பேராகச் சேர்த்துக்கொண்டு வந்தார். உங்கள் நாட்டில் உங்களுக்குத் தெரிந்த ஓர் இடத்தைப் பற்றி ஒருவர் மற்றவருக்குச் சொல்லவேண்டும். புஸ்பமக்காவை லியுவோடு விட்டார். யோகமலருக்கு முன்னால் வந்து நின்று, அவளுடைய தோளை அன்பாகத் தட்டி, மிஸ்டர் தருமலிங்கம் உனக்கு உதவி செய்வார், அவருக்கு எல்லாம் நன்றாக விளங்குகிறது, உன்னுடைய பாஷையிலேயே சொல்லித்தருவார் என்றார். தலையாட்டினவனுக்கு எல்லாம் தெரியும், ஆட்டாதவளுக்கு ஒன்றும் தெரியாது. கனடாவிலும் அதுதான் கணக்கு. கதிரை இழுபடும் சத்தம் பின்னாலிருந்து கிட்டக் கிட்ட வந்தது, அவளுக்குப் பிடரி கூசியது. வந்து இருந்தார். சலவைத்தூள் மணமும் கொஞ்சம் பொரித்த வெங்காய மணமும். அவள் நினைத்து வைத்திருந்த மணம் எதுவும் இல்லை, என்ன மணத்தை நினைத்து வைத்திருந்தாள் என்றும் அவளுக்குத் தெரியவில்லை.

“எனக்கு ஒரு கோதாரியும் விளங்கேல்லைத் தங்கச்சி,” என்றார் தருமலிங்கம், ரீச்சர் அந்தப் பக்கம் போன பிறகு, மெதுவாக. “மனுசி பாவம், தொண்டை கிழியக் கத்துறா. ஏன் அவவின்ரை மனதை நோகடிப்பான் எண்டு தலையை ஆட்டிவிடுறன்.”

அவள் கொப்பியில் திகதியை எழுதத் தொடங்கினாள். “நீங்கள் வல்லியாவத்தை எண்டு புஸ்பமக்கா சொன்னவ,” என்றார் அவர்.

“ஓம். நீங்கள் அங்கை எவடம்?”

“நான் அந்த ஊரில்லை. என்ரை மாமி ஆக்கள் அங்கால் பக்கம் கொஞ்சநாள் இருந்தவை, நானும் அவையோடை நிண்டனான். ஊரும் வடிவாத் தெரியாது. பள்ளிக்கூட வளவு மட்டும்தான் தெரியும்.”

யோகமலரின் பேனை நின்றது. “பள்ளிக்கூடத்திலை என்ன?”

தருமலிங்கம் கொப்பியைத் தன் பக்கம் இழுத்து, அதில் ஏதோ எழுதியிருப்பதுபோலப் பார்த்தார். “ஒருக்கா எங்களை அங்கை கொண்டுபோய் வைச்சிருந்தவங்கள். விடுங்கோ, காலமை வெள்ளன உந்தக் கதை என்னத்துக்கு.” பிறகு, ரீச்சர் திரும்பிப் பார்ப்பதைக் கண்டு, அவசரமாக ஆங்கிலத்துக்கு மாறினார். “ஐ நோ ஏ ஸ்கூல். த ஸ்கூல்… த ஸ்கூல் ஹாஸ் பிக் ட்ரீ.”

“ஏ பிக் ட்ரீ,” என்றாள் யோகமலர். அவளுடைய வாய் தானாகச் சொன்னது.

“பாத்தியளோ! உங்களுக்கு எல்லாம் தெரியுது. பிறகேன் ரீச்சர் கேட்டால் நீங்கள் தலையை ஆட்டுறதில்லை? நானும் வந்த நாள் துவக்கம் பாக்கிறன், இந்த வகுப்பிலை தலையாட்டாத ஒரே ஆள் நீங்கள்தான்.”

வந்த நாள் துவக்கம் பார்க்கிறானாம். அவள் கண்ணாடியில் அவனைப் பார்த்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் அவன் நேரே அவளைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். யார் தலையாட்டுகிறார்கள், யார் ஆட்டவில்லை என்று கணக்கெடுக்கிற கண், அது யாருக்கு இருக்கும். எங்களைக் கொண்டுபோய் வைச்சிருந்தவங்கள் என்றான். எங்களை என்றால் யாரை. வரிசையில் நின்றவர்களையா, ஜீப்பில் இருந்தவனையா. ஜீப்பில் இருந்தவனையும் ஒரு விதத்தில் கொண்டுவந்துதானே வைத்திருந்தார்கள். மரத்தைச் சொன்னான். வரிசையில் நின்றவன் மரத்தையா பார்த்திருப்பான், அவனுக்குக் கால் நடுங்கியிருக்கும், முன்னால் நிற்கிறவனின் பிடரியைத் தவிர ஒன்றும் தெரிந்திருக்காது. மரத்துக்குக் கீழே நிழலில் இருந்தவனுக்குத்தான் மரம் நினைவில் நிற்கும். அப்படியென்றால் வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற உனக்கு எப்படி நிற்கிறது. எனக்கு நிற்கும், நான் அந்த இடத்தை விட்டு இன்னும் வரவில்லை. அவரும் வராமல் இருக்கலாம். சும்மா இரு. அப்பாவி ஒருவன் என்றால் விடுங்கோ என்று சொல்வானா, இருந்து ஒப்பாரி வைக்கமாட்டானா, இங்கே ஊர்க்கதை தொடங்கினால் நிறுத்துகிற ஆம்பிளை யார் இருக்கிறான். ஆனால் அவளுடைய புருசனும் சாகும்வரை வாய் திறக்கவில்லையே, அன்றைக்கு அவனும்தான் அந்த வரிசையில் நின்று வலப்பக்கம் போனவன், ஒருநாளாவது அந்தக் கதையை எடுத்தானா. எந்தப் பக்கம் இழுத்தாலும் ஒரு முடிச்சு. அதற்குள் இன்னொரு நினைப்பு வந்து தொட்டது, அதுதான் எல்லாவற்றிலும் குளிராக இருந்தது. நின்று, சரிந்து, இறங்கியது. இதை அவள் யாருக்காவது சொல்லியிருக்கிறாளா. அம்மாவோடு சாக்கைப் பற்றிச் சண்டை பிடித்தாள், பச்சை எழுத்தைப் பற்றிச் சண்டை பிடித்தாள், சரிவைப் பற்றி ஒருநாளும் ஒரு வார்த்தை வந்ததில்லை. ஐயரின் தலை சரிகிறதா என்று பார்த்தேனே என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். பார்த்தாயா, இல்லை பார்த்ததாக இப்போது நினைக்கிறாயா. தருமலிங்கம் இந்த வகுப்புக்கு வந்து கதவோரம் இருந்து ஆட்டத் தொடங்கிய பிறகுதான் அந்தச் சரிவு போய்ச் சாக்குக்குள் ஏறியதா. அவள் கண்ணை மூடிக்கொண்டு வளவுக்குள் போய் நின்றாள். ஜீப், மரம், சாக்கு, வெள்ளைச் சேட்டு. தலை இறங்கியது. எப்படி இறங்கியது. திரும்பப் போய் நின்றாள். திரும்பவும் இறங்கியது. சாக்குக்குள் இருந்து சலவைத்தூளும் வெங்காயமும் மணந்தன. கண்ணைத் திறந்தபோது தருமலிங்கம் எழும்பித் தன்னுடைய கதிரையைச் சத்தம் வராமல் தூக்கிக்கொண்டு பின்னால் போய்க்கொண்டிருந்தார். வகுப்பு முடியப்போகிறது. தெரியாது என்று சொல்லிவிடுவது. அதுதான் உண்மை, அதில் ஒரு பாவமும் இல்லை, அறை கிடைத்தால் கிடைக்கட்டும், கிடைக்காவிட்டால் அது அவருடைய விதி. அப்படிச் சொல்லிவிட்டால் குகபாலனுக்கு நீ செய்தது என்ன என்று அம்மா கேட்டாள். அம்மா இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

கோட்டுகளைப் போடுகிற சரசரப்பும் சப்பாத்துச் சத்தமுமாக எல்லாரும் வெளியே வந்தார்கள். புஸ்பமக்கா அவளை லிஃப்ற்றடியில் மறித்துக்கொண்டாள். “என்ன, யோசிச்சனீரோ? மருமேன் இப்ப ரெலிபோன் எடுப்பார்.” யோகமலர் வாயைத் திறந்தாள். தெரியாது அக்கா என்ற சொல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது. “ஏன் முகம் இப்பிடிக் கறுத்துப்போச்சு? உள்ளுக்கை அந்தாளோடைதானே இருந்தனீர், என்னவும் சொன்னவரோ?” புஸ்பமக்கா கிட்ட வந்து குரலைத் தணித்தாள். கண் பெரிதானது. “ஏதும் அந்தக் காலத்துப் பிரச்சினையோ? காட்டிக்குடுத்த ஆளோ?” நான் அப்படிச் சொல்லவில்லை, நீங்கள்தான் சொல்கிறீர்கள் என்று சொல்லவேண்டும். யோகமலர் புஸ்பமக்காவின் தோளுக்கு மேலாகப் பார்த்தாள். வகுப்புக் கதவடியில் தருமலிங்கம் கோட்டுக்கு எல்லாப் பொத்தானும் போட்டுக்கொண்டு நின்றார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். தலையில் மெல்லிய நரைமயிர், அதைக் கையால் தடவி ஒரு பக்கமாகப் படியவிட்டிருந்தார். தன்னைப் பற்றித்தான் கதைக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. கிட்டவும் வரவில்லை, போகவும் இல்லை. அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அது கெஞ்சுகிற பார்வை இல்லை. தன்னுடைய முகம் ஒரு நல்ல மனுசனின் முகமாகத் தெரியவேண்டும், தெரிகிறதா, இப்படி நின்றால் தெரிகிறதா என்று தவிக்கிற பார்வை. வரிசையில் வந்து நின்ற ஒவ்வொருவனும் அந்த இரண்டு ஓட்டைகளையும் அப்படித்தான் பார்த்தான். குகபாலன் அப்படித்தான் பார்த்தான். சாக்குக்குள் இருந்தவனுக்கு அப்படிப் பார்க்கவேண்டிய தேவை ஒருநாளும் இருந்ததில்லை. இவர் ஜீப்பில் இருந்தவர் இல்லை, முன்னால் வந்து நின்றவர் என்பது யோகமலருக்கு அந்தக் கணத்தில் சந்தேகம் இல்லாமல் விளங்கியது. விளங்கிய அதே நேரம் தன்னுடைய தலை கீழே போயிருப்பதும் அவளுக்குத் தெரிந்தது.

“ஐயோ, முருகா,” என்றாள் புஸ்பமக்கா, வாயைப் பொத்திக்கொண்டு. “நல்ல காலம் கேட்டன். நீர் ஒண்டும் சொல்லவேண்டாம், உம்மட பேர் வெளியிலை வராமல் நான் பாத்துக்கொள்ளுறன்.” கைப்பைக்குள் இருந்து போனை எடுத்துக்கொண்டே லிஃப்ற்றுக்குள் ஏறினாள், கதவு மூடியது. யோகமலர் பொத்தானை அமத்தினாள், திரும்பத் திரும்ப அமத்தினாள். புஸ்பமக்கா என்று மூடின கதவைப் பார்த்துக் கூப்பிட்டாள். கீழே போன லிஃப்ற் ஆறுதலாகத்தான் திரும்பி வந்தது. அது வரும்போது பக்கத்தில் தருமலிங்கம் நின்றார்.

“கண்டனான் தங்கச்சி,” என்றார். “என்னை முன்னபின்னத் தெரியாது உங்களுக்கு. எண்டாலும் எனக்காக அவவுக்குத் தலையாட்டினீங்கள். இந்த உதவியை நான் மறக்கமாட்டன்.” கையை நீட்டிக் கதவு மூடாமல் பிடித்துக்கொண்டார். அவள் ஏறினாள். ஏறாமல் எங்கே போவது. லிஃப்ற் இறங்கத் தொடங்கியது. நான் சொன்னது அது இல்லை அண்ணை, நான் உங்களைக் கெடுத்துப்போட்டன், ஓடுங்கோ, கீழே புஸ்பமக்கா நிற்பா, ஓடிப்போய் மறியுங்கோ என்று யோகமலர் சொன்னாள், உள்ளுக்குள் சொன்னாள், வாய் திறந்தபடி இருந்தது, சத்தம் வரவில்லை. தருமலிங்கம் சந்தோசத்தில் வாய் ஓயாமல் கதைத்துக்கொண்டு வந்தார். சாமான் அவ்வளவு இல்லையாம், மாதக் கடைசி வரைக்கும் காத்திருக்கத் தேவையில்லையாம், கையோடு கொண்டுவந்துவிடலாமாம். ஒரு மெத்தை. ஒரு உடுப்புப் பெட்டி. ஒரு சோறு அவிக்கிற குக்கர். சுவரில் மாட்ட ஒரு சாமிப் படம்.

“அந்த அறைக்குள்ளை இவ்வளவும் அடங்கும்தானே, தங்கச்சி?” என்று கேட்டார்.